பிரேக் பிடிக்குதா?

எங்கள் காலத்தில் யாராவது சைக்கிளை இரவல் கொடுத்தால், வாங்குகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிரேக் பிடிக்குதா?" காற்று இருக்கிறதா என்பதைக் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிரேக்கை மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "பின் பிரேக் பிடிக்காது, முன் பிரேக் கொஞ்சம் பிடிக்கும், பார்த்துப் போ" என்று உண்மையைச் சொல்லிக் கொடுப்பவர்தான் நல்ல மனிதர்.

போன ஐப்பசியில் என் மகள் வயிற்றுப் பேரன் கடற்கரைப் பக்கம் ஒரு திருப்பத்தில் சைக்கிளோடு விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கல்லூரியில் படிக்கும் பையன். ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்ததற்குக் காரணம் மழை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவனும் அப்படித்தான் சொன்னான். ஆனால் காரணம் நான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். அவனுடைய சைக்கிளில் இருப்பது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பிடியை அழுத்தினால் கம்பி இழுப்பதில்லை, குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் தள்ளுகிறது. "பிடி பஞ்சு மாதிரி உள்ளே போகுது தாத்தா" என்று அவன் வந்து சொன்னபோது நான் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "உள்ளே இருக்கறது பிரேக் ஆயில்தானேடா, பைக் மெக்கானிக்கிட்ட காட்டி ஊத்திக்கோ" என்றேன். அவன் போனான், அவரும் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் பிடி கெட்டியாக இருந்தது. அப்புறம் அழுத்தின பிடி திரும்பி வர நேரம் எடுத்தது. சக்கரம் உரசிக்கொண்டே சுற்றியது. மூன்றாவது வாரம், அந்தத் திருப்பத்தில், பிடி ஹாண்டில்பார் வரைக்கும் வெறுமையாகப் போய்விட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவன் நான். ஒரு கோப்பில் தவறு நேர்ந்தால், கடைசித் தாளைப் பார்த்துப் பயனில்லை, முதல் தாளிலிருந்து புரட்ட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். அதனால் பிரேக்கின் கதையை முதல் தாளிலிருந்து படித்தேன். படித்ததில் சுவையாக இருந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சைக்கிளின் முதல் பிரேக் மனிதனுடைய கால்தான். 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உதைத்து ஓட்ட வேண்டும், நிறுத்தவும் காலை ஊன்றலாம். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. வாடகைச் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்துபோய், செருப்புக் காலை டயர்மேல் வைத்து நிறுத்தியவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர்! ரப்பர் செருப்பில் பள்ளம் விழுந்ததற்கு வீட்டில் அடி வாங்கியவர்களும் இருப்பீர்கள்.

பெடல் வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. 1860-களில் பாரிஸில் பியர் மிஷோவின் பட்டறையில் முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டி செய்தார்கள். அதற்கு ஒரு வேடிக்கையான பிரேக். ஹாண்டில்பாரையே கையால் முறுக்கினால், அதில் சுற்றியிருக்கும் கயிறு இறுகி, பின்சக்கரத்தின் இரும்புப் பட்டைமேல் ஒரு கட்டையை அழுத்தும். இன்று மோட்டார் சைக்கிளில் முறுக்கினால் வேகம் கூடுகிறது. அன்று முறுக்கினால் வண்டி நின்றது. 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது, ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் வென்றார். அந்த நாள் வண்டிகளும் சாலைகளும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் வெற்றியைவிட உயிரோடு போய்ச் சேர்ந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்து வந்தது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் வண்டி. அதற்குக் கரண்டி பிரேக். பிடியை அழுத்தினால் கரண்டி போன்ற ஓர் இரும்புத் தகடு முன்டயரின் தலைமேல் அமுங்கும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்தைத் திடீரென்று பிடித்தால் என்ன ஆகும்? ஓட்டுகிறவர் தலைகுப்புறப் பறப்பார். "முன் பிரேக்கைப் பிடிக்காதே, கவிழ்ந்துவிடுவாய்" என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பயம் இந்த வண்டிக்கு மிகவும் பொருந்தும். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, செயின் பின்சக்கரத்துக்குப் போனது. ஆள் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டான். ஆனால் பழைய பயம் மட்டும் நூறாண்டு தாண்டி எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது.

1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்ததும் கரண்டி பிரேக்குக்கு முடிவு நெருங்கியது. விலையுயர்ந்த டயரை இரும்புக் கரண்டியால் தேய்க்க யாருக்கு மனம் வரும்? அழுத்தம் டயரிலிருந்து ரிம்முக்கு மாறியது. இங்கேதான் நமக்குத் தெரிந்த ராடு பிரேக் வருகிறது. பிடியிலிருந்து கம்பிகளும் முட்டிகளுமாக ஒன்றையொன்று இழுத்து, குதிரை லாடம் போன்ற ஒரு வளைவை மேலே தூக்கும். அதிலுள்ள இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிக்கும். 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸிலிருந்து ஹெர்குலிஸ் வரத் தொடங்கியது, ராலேயும் பிலிப்ஸும் இருந்தன. எல்லாவற்றிலும் இதே அமைப்புத்தான். நாற்பது ஆண்டு உழைத்த வண்டியிலும் அந்தக் கம்பிகள் அறுந்து நான் பார்த்ததில்லை. தேய்வதும் தளர்வதும் கண்ணுக்குத் தெரியும், ஒரு ஸ்பானர் போதும். ஒரே குறை மழை. நிக்கல் பூசிய எஃகு ரிம்மில் தண்ணீர் பட்டுவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். கோரிமேட்டிலிருந்து ஊருக்குள் மழையில் இறங்கி வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்முடையது தட்டையான ஊர். இருக்கிற ஒரே மேடு அதுதான், அதிலும் பிரேக் பிடிக்காது.

கேபிள் பிரேக் நமக்குப் பின்னால் வந்தாலும் பிறப்பால் பழையது. எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்றார். வளையக்கூடிய ஓர் உறைக்குள் ஒரு கம்பி. உறை அசையாமல் தாங்கிக்கொள்ளும், உள்கம்பி மட்டும் இழுபடும். எப்படி வளைத்துக் கொண்டுபோனாலும் ஒரு முனையில் இழுத்தது மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஆனால் உறைக்குள் உராய்வு உண்டு. மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் இழுவையில் பாதி உறையிலேயே தீர்ந்துபோகும். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் நாம்தான். குளிர்காலத்தில் அது உறைந்துபோய் இன்னும் இறுகியது.

இப்போது கதையை ஒரே ஊருக்குக் கொண்டுபோகிறேன். பிரான்சின் நடுவில் எரிமலைகள் அணைந்துபோன ஒவேர்ன் மாநிலத்தில் கிளெர்மோன்-ஃபெரான் என்று ஓர் ஊர். மிஷ்லன் டயர் கம்பெனியின் ஊர். சைக்கிள் பிரேக் செய்த மஃபாக் கம்பெனியும் அந்த ஊர்தான். 1950-களிலும் 60-களிலும் பிரெஞ்சுப் பந்தய வீரர்களின் வண்டிகளில் மஃபாக் பிரேக்குகளைப் பார்க்கலாம். அதே ஊரில் 1623-இல் பிறந்தவர் பிளேஸ் பாஸ்கல். எங்கள் பள்ளியில் பாஸ்கல் இரண்டு வகுப்பில் வருவார், இலக்கிய வகுப்பில் ஒருமுறை, பௌதிக வகுப்பில் ஒருமுறை. இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

1648 செப்டம்பரில் பாஸ்கல் தன் அக்காள் கணவர் பெரியே என்பவரை அந்த ஊரை ஒட்டிய புய் தெ தோம் என்ற மலைமேல் பாதரசக் குழாயோடு ஏறச் சொன்னார். கீழே இருந்ததைவிட உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அது குறையும் என்பது தெளிவாயிற்று. புயல் நாட்களில் டிவியில் ஹெக்டோபாஸ்கல் என்று சொல்கிறார்களே, அந்தப் பாஸ்கல் இவர்தான். தானே புயல் நம் தலைமேல் ஏறிய அந்த டிசம்பர் இரவில் அவர் பெயரை எத்தனை முறை கேட்டோம்! அதே மலைமேல் பின்னாளில் சைக்கிள் பந்தய வீரர்கள் ஏறினார்கள். 1964 தூர் தெ பிரான்சில் ஆங்கெத்திலும் பூலிதோரும் தோளோடு தோள் உரசி ஏறியது இந்த மலையில்தான். அந்தப் புகைப்படத்தை நம்மில் பலர் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம்.

நமக்கு வேண்டியது பாஸ்கலின் இன்னொரு வேலை. திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதியது அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் அச்சானது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரில் ஒரு சிறிய துளையும், அதைப்போல் நூறு மடங்கு அகலமான ஒரு பெரிய துளையும் இருந்து, இரண்டிலும் பிஸ்டன் வைத்தால், சிறியதை அழுத்தும் ஒரே ஆள் பெரியதை அழுத்தும் நூறு ஆட்களுக்கு ஈடுகொடுப்பான் என்று அதில் சொல்கிறார். ஆனால் இலவசமாக அல்ல. சிறிய பிஸ்டன் நூறு அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது ஓர் அங்குலம் நகரும். என் பேரனுடைய சைக்கிளில் இருப்பது முழுக்க முழுக்க இந்தக் கணக்குத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிடிக்குள் இருக்கும் சிறிய பிஸ்டன் 10 மில்லிமீட்டர் விட்டம் என்றும், சக்கரத்தருகே இருக்கும் பெரிய பிஸ்டன் 22 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிடியின் நெம்புகோலே ஐந்து மடங்கு தருகிறது என்றால், ஒரு விரலால் 5 கிலோ எடைக்கு அழுத்தினால் பிஸ்டன் பட்டையை 120 கிலோ எடைக்குத் தகட்டின்மேல் அழுத்தும். தகட்டின் இரண்டு பக்கமும் அப்படியே. அதற்கு விலை? பெரிய பிஸ்டன்கள் நகரும் தூரம் மிகமிகக் குறைவு. பிரேக் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் விட முடியும். தகடு துளி கோணினாலும் உரசும். ராடு பிரேக்கில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டிய நமக்கு இது புதிது.

எண்ணெயை அழுத்தினால் சுருங்காது என்று சொல்லும் அளவுக்குத்தான் சுருங்கும். காற்று நன்றாகவே சுருங்கும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் போய்விட்டால், விரல் தரும் அந்தக் கொஞ்ச நகர்வையும் குமிழே விழுங்கிவிடும். பேரன் சொன்ன "பஞ்சு மாதிரி" என்பது அதுதான். எண்ணெய் குறைந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பிரச்சினை காற்று.

பாஸ்கலின் கணக்கு பிரேக்குக்கு வர இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. தகட்டை இரண்டு பக்கமும் பிடிக்கும் யோசனைக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை வாங்கினார். பட்டைக்குச் செம்பு வைத்தார், கீச்சென்று ஊரைக் கூட்டியது. எண்ணெயால் தள்ளும் யோசனை அமெரிக்காவில் மால்கம் லோஹீட் என்பவருடையது, காப்புரிமை 1917. அவர் பெயரை எல்லோரும் தப்பாக உச்சரித்ததால் குடும்பமே எழுத்தை மாற்றி லாக்ஹீட் ஆனது. விமானக் கம்பெனி அவருடைய சகோதரருடையது. பிரெஞ்சுக்காரர்களின் கராஜ்களில் பிரேக் எண்ணெய்க்கே லொக்கீட் என்றுதான் பெயர். இரண்டு யோசனையும் சேர்ந்து உலகத்தின் கண்ணில் பட்டது 1953 ல மான் பந்தயத்தில். டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார், டிரம் பிரேக் போட்ட வண்டிகளைவிடத் தள்ளிப்போய்ப் பிரேக் பிடித்துத் திருப்பங்களில் முந்தியது, வென்றது.

இரண்டு ஆண்டு கழித்து, 1955 அக்டோபரில், பாரிஸ் கார் கண்காட்சியில் சித்ரோவன் தன் தே.எஸ். காரைத் திரைவிலக்கியது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாமே எண்ணெய் அழுத்தத்தில். 1962-இல் பெத்தி கிளமாரில் ஜெனரல் தெ கோலைச் சுட்டபோது டயர்கள் பொத்தலாகியும் ஓடித் தப்பியது இந்தக் கார்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொல்லும்போது தாங்களே பின்சீட்டில் இருந்ததுபோலச் சொல்வார்கள்.

நான் தேடிக்கொண்டிருந்த தாள் இந்தக் காரின் கோப்பில்தான் கிடைத்தது. முதல் ஆண்டுகளில் தே.எஸ். காருக்கு ஊற்றிய திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியது. ஈரம் உள்ளே போனதும் நுட்பமான உருளைகளில் துரு. அதனால் 1960-களின் பிற்பாதியில் சித்ரோவன் கனிம எண்ணெய்க்கு மாறியது. எல்.ஆஷ்.எம். என்று பெயர், பச்சை நிறம். ஆனால் பழைய திரவத்துக்கு ஒத்துப்போன ரப்பர் இதற்கு ஒத்துவராது, இதற்கான ரப்பர் பழையதற்கு ஒத்துவராது. மாற்றி ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும், அல்லது கரைந்து கூழாகும். அதனால் புதிய எண்ணெய்க்கான உறுப்புகளுக்கெல்லாம் பச்சை வண்ணம் பூசினார்கள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தாலொழியத் தவறு நேராது.

இந்தப் பச்சை வண்ணத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் சைக்கிளிலும் இதே இரண்டு சாதிதான். ஜப்பானின் ஷிமானோவும் ஜெர்மனியின் மகூராவும் கனிம எண்ணெய். ஷிமானோவுடையது இளஞ்சிவப்பு, மகூராவுடையது நீலம். அமெரிக்காவின் ஹேய்ஸ், ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை கார், மோட்டார் சைக்கிளில் ஊற்றும் டாட் வகைத் திரவம். பேரனுடையது கனிம எண்ணெய் பிரேக். பைக் மெக்கானிக் ஊற்றியது டாட் 4. அவருடைய தொழிலில் பிரேக் ஆயில் என்றால் அது ஒன்றுதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிடியின் மூடிமேலேயே கனிம எண்ணெய் மட்டும் என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. படிக்கத் தெரிந்த நான் எழுந்துபோய்ப் படிக்கவில்லை.

அதில் ரப்பருக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. பிடியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம்தான். அழுத்தும்போது அது துளி முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய நிலைக்கு வரும், பிஸ்டனையும் கூட இழுத்துவரும். பட்டை தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கிக் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராடு பிரேக்கில் நாம் ஸ்பானரால் செய்ததை ஒரு ரப்பர் வளையம் தானே செய்கிறது. அந்த வளையம் ஊதிப்போனால்? பிஸ்டன் திரும்பாது. சக்கரம் உரசும். பிறகு ஒருநாள் பிடியின் உள்ளே இருக்கும் ரப்பரும் விட்டுக்கொடுக்கும். வரிசை அப்படியே பேரனுக்கு நடந்த வரிசை.

டாட் திரவம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதற்கு அதன் நியாயம் உண்டு. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 400 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் வெளிவரும் சூடு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மிச்சமும் இருக்கும். காற்றுத் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி எல்லாம் பிரேக்கில்தான். தூர் தெ பிரான்சைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச், உலோக ரிம் சூடேறி டயரை ஒட்டிய பசை உருகிவிடும் என்று பயந்து, 1930-களின் நடுப்பகுதி வரை மர ரிம்மையே வைத்துக்கொள்ளச் செய்தார். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே 155 வரைக்கும் இறங்கலாம். உறிஞ்சிய ஈரம் கலந்து பரவி நிற்பதால் கொதிநிலை மெல்ல மெல்லத்தான் குறையும். ஆனால் கடற்கரை ஊரில் அது வேகமாகக் குறையும், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கனிம எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. தண்ணீர் உள்ளே போய்விட்டால் மட்டும் தனியாகக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சூட்டின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியாவில் நடந்தது. 1976-இல் மரின் என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலைமேல் தள்ளிக்கொண்டுபோய், மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலான மண்பாதையில் 400 மீட்டர் இறக்கத்தைப் பந்தயம் வைத்து இறங்கினார்கள். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேரும்போது ஹப்பில் இருந்த கிரீஸ் முழுவதும் புகையாகப் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் பிரித்து, கிரீஸ் வைத்து, மறுபடி பூட்ட வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக் என்று இன்று உலகம் முழுவதும் விற்கும் வண்டி பிறந்த இடங்களில் அது ஒன்று. மலையும் சேறும் ரிம் பிரேக்குக்கு ஆகாது என்பது அங்கே தெரிந்தது. மகூரா 1987-இல் எண்ணெயால் தள்ளும் ரிம் பிரேக்கைக் கொண்டுவந்தது. 1990-களில் ஹேய்ஸும் மகூராவும் சைக்கிளுக்கு எண்ணெய் டிஸ்க் பிரேக் விற்கத் தொடங்கின, ஷிமானோவும் பின்னால் வந்தது. சாலைப் பந்தயக்காரர்கள் மட்டும் வெகுநாள் முரண்டு பிடித்தார்கள். 2016 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஒரு ஸ்பானிய வீரர் காலில் வெட்டுப்பட, தகடுதான் வெட்டியது என்று அவர் சொல்ல, சோதனை நிறுத்தப்பட்டது. 2018-இல்தான் முழு அனுமதி.

இவ்வளவும் படித்த பிறகு, பேரன் கட்டுப் பிரித்து வந்ததும், இருவருமாகத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஊதிப்போன ரப்பரை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தோம், ஆனால் பிடி, குழாய், சக்கரத்தருகே இருக்கும் பெட்டி எல்லாவற்றிலும் டாட் ஊறியிருந்தது. முழுவதையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. செலவு என் ஓய்வூதியத்தில். அவன் வேண்டாம் என்றான், நான் விடவில்லை.

வேலையில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கலாம். நம் சைக்கிள் கடையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் ஒட்டுவது வழக்கம். எண்ணெய் பிரேக் வண்டியை அப்படி வெகுநேரம் வைத்தால், பிடியிலுள்ள சிறு தொட்டியில் காற்று இருந்தால் அது குழாய்க்குள் ஏறிவிடும். பேரனுக்கு முதலில் பஞ்சு மாதிரி ஆனது ஒரு பஞ்சருக்குப் பிறகுதான் என்று இப்போது நினைவுக்கு வருகிறது. சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிடியைத் தொடவே கூடாது. நடுவில் தகடு இல்லாததால் இரண்டு பட்டையும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். மடித்த அட்டையை நடுவில் செருகி வைத்தால் பயமில்லை. செயினுக்கு எண்ணெய் போடும்போது தகட்டில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் போயிற்று, பட்டை அதை உறிஞ்சிக்கொண்டு கீச்சிடும், பிடிக்காது. தகட்டைத் துடைக்க மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும், விரல்கூடப் படக்கூடாது. தகடு புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பட்டையின் தேயும் பாகம் அரை மில்லிமீட்டருக்கு வந்தால் அதையும். இவை ஷிமானோ சொல்லும் அளவுகள். புதுப் பட்டை போட்டதும் முழு வேகத்தில் போய் நம்பிவிடக் கூடாது. இருபது முப்பது முறை கொஞ்ச வேகத்தில் ஓட்டி மெல்ல நிறுத்தினால்தான் பட்டையின் பூச்சு தகட்டில் படிந்து பிடிக்கத் தொடங்கும்.

காற்று எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. கீழே சிரிஞ்சில் இளஞ்சிவப்பு எண்ணெயை ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். மேலே பிடியின் வாயில் ஒரு சிறு புனல். குமிழ்கள் அதில் வந்து வெடிக்கும். அவன் கீழே தள்ளினான், நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். "வருதா தாத்தா?" "வருது, இன்னும் தள்ளு." ஒரு கட்டத்தில் குமிழ் நின்றுவிட்டது என்று நான் சொன்னேன். அவன் எழுந்து வந்து, குழாயை விரலால் சுண்டினான். இன்னும் நான்கைந்து வந்தன. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியாத குமிழ்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நமக்கு வலது கைப்பிடி முன்சக்கரம், பிரான்சில் இடது கைப்பிடி முன்சக்கரம். விடுமுறைக்கு வரும் பிரெஞ்சு வாழ் உறவினர்கள் நம் சைக்கிளை எடுத்தால் முதல் நாள் தடுமாறுவது இதனால்தான். வாங்கி வந்த புது பிரேக் அந்த ஊர் முறையில் பூட்டியிருந்தது. கேபிளாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். குழாயைக் கழற்றி மாற்றி மறுபடி முழுதாகக் காற்று எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

மாலையில் பிடியின் மூடியை அவன் பூட்டுவதற்கு முன், பாட்டிலில் இருந்த எழுத்தை ஒருமுறை எனக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே படித்தான். பிறகு மூடியை முடுக்கி, வண்டியை என் பக்கம் திருப்பி, பிடியைக் காட்டினான். ஒரு விரலால் அழுத்தினேன். பாதித் தூரத்தில் கல் மாதிரி நின்றது.